ஆற்றோடு போன வியாபாரி

ஆதாயம் இல்லாமல் வியாபாரி ஆற்றோடு போவானா? ஒரு சாதியின் பெயரைச் சேர்த்து நம் ஊர்களில் வழங்கும் பழமொழி இது. அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். மிச்சமுள்ள கேள்விதான் இன்று சுற்றுச்சூழல் பேசுகிறவர்களிடையே முடிந்த தீர்ப்பாக உலவுகிறது. மலையேற்றச் சாமான் விற்கும் ஒரு கடை ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் குப்பை பொறுக்க ஆள் திரட்டுகிறது. பழைய பையைத் தைத்துத் தருகிறோம் என்று பலகை வைக்கிறது. விற்பனையில் இத்தனை பங்கு காட்டுக்கும் ஆற்றுக்கும் என்று அறிவிக்கிறது. உடனே பதில் வந்துவிடும்: “எல்லாம் விளம்பரம்.” கூட்டத்தில் இதைச் சொல்கிறவருக்குக் கைதட்டலும் கிடைக்கும், விவரம் தெரிந்தவர் என்ற பெயரும் கிடைக்கும். இந்தத் தீர்ப்பு தவறு. யாரைக் கண்டிக்கக் கிளம்பியதோ அவர்களுக்கே இது காவலாக நிற்கிறது என்பதுதான் என் வாதம்.

முதலில் எதிர்த்தரப்பின் வழக்கை அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இரண்டு பெயர்கள் பெரியவை. ஒன்று, கலிபோர்னியாவின் வெஞ்சுரா ஊரில் மலையேறி இவோன் ஷுனார்ட் 1973-இல் தொடங்கிய பேட்டகோனியா. மற்றது, 1938-இல் சியாட்டிலில் லாயிட், மேரி ஆண்டர்சன் தம்பதி மலையேறும் நண்பர்களைச் சேர்த்துத் தொடங்கிய ஆர்.இ.ஐ. கூட்டுறவுக் கடை. 2011 நவம்பர் 25 அன்று, அமெரிக்கர்கள் கடைகளில் முண்டியடிக்கும் ‘கறுப்பு வெள்ளி’ நாளில், இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள் என்று பேட்டகோனியா நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அதற்கடுத்த ஆண்டு அதன் விற்பனை கூடியது. அது விற்கும் ஃபிளீஸ் ஜாக்கெட் பெட்ரோலியத்திலிருந்து வருவது. துவைக்கும்போதெல்லாம் இழை உதிர்ந்து கடலுக்குப் போகிறது. மழை ஒட்டாமல் இருக்க இந்தத் தொழிலில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளாகப் பூசிவந்தவை பி.எஃப்.ஏ.எஸ். எனும் ஃபுளோரின் சேர்மங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் எளிதில் சிதையாதவை. ஆர்.இ.ஐ. 2015-இல் அதே கறுப்பு வெள்ளியன்று தன் 143 கடைகளையும் அடைத்து, பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்து, வெளியே காற்றாட நடந்துவாருங்கள் என்றது. இணையத்தில் மட்டும் அன்றும் ஆர்டர் வாங்கிக்கொண்டது. 2022-இல் அதன் நியூயார்க் கடை ஊழியர்கள் தொழிற்சங்கம் கேட்டபோது நிர்வாகம் எதிர்த்து நின்றது. 2025 ஜனவரியில், மக்களை மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துப்போன தன் பயண, பயிற்சிப் பிரிவையே மூடி 428 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

இவ்வளவும் உண்மை. இதில் ஒரு வரியையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் இவற்றிலிருந்து “எல்லாம் விளம்பரம்” என்ற இடத்துக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள்? என் மறுப்பு அந்த வழியைப் பற்றியது.

1. மனசைத் தோண்டுவதால் என்ன கிடைக்கும்?

இந்தத் தீர்ப்பின் அடியில் இருப்பது உள்நோக்கம் பற்றிய ஊகம். லாபம் வந்ததா? அப்படியானால் லாபத்துக்காகவே செய்தார்கள். இந்த அளவுகோலை எதன்மேல் வேண்டுமானாலும் வைக்கலாம், எப்போதும் ஒரே விடைதான் வரும். எதைப் போட்டாலும் ஒரே எடை காட்டும் தராசை எந்த வியாபாரியும் கடையில் வைத்திருக்க மாட்டான்.

ஷுனார்டின் கொல்லுப்பட்டறைக் கதையை எடுத்துக்கொள்வோம். 1957-இல் பழைய இரும்புக் கடையில் ஓர் உலையை வாங்கிப்போட்டு, தானே கொல்லு வேலை கற்று, பாறை விரிசலில் அடிக்கும் எஃகு ஆணிகளைச் செய்யத் தொடங்கினார். பிட்டான் என்பார்கள். கார் டிக்கியில் வைத்து விற்றார். 1970 வாக்கில் மலையேற்ற இரும்புச் சாமானில் அமெரிக்காவிலேயே பெரிய கடை அவருடையது. வியாபாரத்தின் முதுகெலும்பே இந்த ஆணிதான்.

ஆணி என்ன செய்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மேலே ஏறுகிறவர் விரிசலில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அறைகிறார். பின்னால் வருகிறவர் அதையே இடமும் வலமும் மாற்றி மாற்றி அடித்துப் பிடுங்குகிறார். ஒவ்வொரு முறையும் கருங்கல்லில் ஒரு பொடி உதிரும். அடுத்த வாரம் இன்னொரு குழு, அதே விரிசல், அதே அடி. தலைமுடி நுழையும் அளவு இருந்த கீற்று விரல் நுழையும் பொந்தாகிறது. யோசமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையில் தான் ஏறிய தடம் சில ஆண்டுகளில் இப்படிச் சிதைந்து கிடப்பதைப் பார்த்த ஷுனார்ட், தன் கூட்டாளி டாம் ஃப்ராஸ்டோடு சேர்ந்து ஆணித் தொழிலைக் குறைத்துக்கொண்டே போவது என்று முடிவெடுத்தார். மாற்றாக, கையால் செருகிக் கையாலேயே உருவிக்கொள்ளும் அலுமினிய ஆப்புகளைச் செய்தார்கள். 1972-இன் விலைப்பட்டியல் புத்தகத்தில் டக் ராபின்சன் என்ற மலையேறி எழுதிய 14 பக்கக் கட்டுரை வந்தது. ஆணியையும் சுத்தியலையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்பதே அதன் சாரம். ஆணி விற்கும் கடையின் சொந்தப் புத்தகத்தில்!

சில மாதங்களில் ஆணி விற்பனை சரிந்தது, ஆப்புக்கு ஆர்டர் குவிந்தது. “பார்த்தீர்களா, லாபம்தானே வந்தது” என்கிறார்கள். ஆப்பு விற்கும் என்று அச்சுக்கு அனுப்பிய அன்று யாருக்கும் தெரியாது. ஆணி விற்பனை விழும் என்பது மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். முடிவெடுக்கிறபோது கையில் என்ன இருந்தது, எதைப் பணயம் வைத்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு செயலை எடைபோட வேண்டும். விளைந்த பிறகு களத்துமேட்டில் நின்று, விதைத்தவனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று சொல்வது நியாயமா?

மனசை அளக்கும் கருவி எதிர்த்தரப்பிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. செயலை அளக்க முடியும். 1994-இல் பேட்டகோனியா தன் பருத்தித் துணிகள் அனைத்தையும் இரண்டே ஆண்டில் இயற்கை வேளாண் பருத்திக்கு மாற்றத் தீர்மானித்தது. அப்போது அந்தப் பருத்தி சந்தையில் போதுமான அளவு கிடைக்கவில்லை, விலையும் அதிகம். உழவர்களை நேரில் தேடிப்போய்ப் பேசி, நூற்பாலைகளைச் சம்மதிக்கவைத்து, 1996-இல் மாற்றி முடித்தார்கள். மனசில் என்ன இருந்ததோ, பூச்சிமருந்து அடிக்காத வயல்கள் மண்ணில் இருந்தன.

2. விளம்பரம் என்றாலே பொய்யா?

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஆயுதங்கள் எங்கிருந்து வந்தவை என்று அவர்கள் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் தண்ணீர் போகிறது, ஏறக்குறைய ஒன்பது கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, செய்து முடிப்பதற்குள் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கழிவாகிறது. இது எந்தப் புலனாய்வுச் செய்தியும் அல்ல. ‘வாங்காதீர்கள்’ என்ற அதே விளம்பரத்தில் கடைக்காரனே அச்சிட்டுக் கொடுத்த கணக்கு. செயற்கை இழை ஜாக்கெட் ஒரு முறை துவைத்தால் சராசரியாக 1.7 கிராம் இழை உதிர்கிறது என்பதும் அப்படித்தான். பேட்டகோனியாவே பணம் கொடுத்து சாண்டா பார்பராவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வின் முடிவு அது, 2016-இல் வெளியானது. தன் சரக்கின் குறையைத் தானே அளந்து ஊருக்குச் சொன்னவனிடம், “உன் வாயாலேயே ஒப்புக்கொண்டாய்” என்று குற்றம் சாட்டுகிறோம். அளக்காமல் வாய்மூடி இருந்த நூறு கம்பெனிகளைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் கணக்கு இல்லை. இதிலிருந்து தொழில்காரர்கள் என்ன பாடம் படிப்பார்கள்? அளக்காதே, சொல்லாதே, வம்பு வராது என்பதுதானே?

3. “எல்லாரும் ஒன்றுதான்.”

இல்லை. இந்த ஒரு வாக்கியம் செய்கிற கெடுதலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைப்பூச்சு விவகாரத்தையே பாருங்கள். இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கிய நிக்வாக்ஸ் கம்பெனி, ஃபுளோரின் பூச்சைத் தொட்டதே இல்லை. ஸ்வீடனின் ஃபியால்ராவன் 2015 வாக்கில் தன் துணிகளின் மழைப்பூச்சிலிருந்து அதை விலக்கிவிட்டது. பேட்டகோனியா 2025-இல்தான் முழுவதும் விட்டது. அதே 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து கலிபோர்னியாவில் துணிகளில் அதைச் சேர்ப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. கடும் மழைக்கான மேலாடைகளுக்கு மட்டும் 2028 வரை தவணை.

மூவருக்கும் இடையில் எவ்வளவு தூரம்! பேட்டகோனியாவைப் பார்த்து, “உன் பக்கத்துக் கடைக்காரனால் முடிந்தது உனக்கு ஏன் பத்து ஆண்டு தாமதம்?” என்று கேட்க வேண்டும். நான் கேட்கிறேன். அந்தக் கம்பெனிமேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். ஆனால் எல்லாரும் ஒன்று என்று சொல்லிவிட்டவரால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. முந்தியவன், பிந்தியவன், இன்னும் பூசிக்கொண்டே இருப்பவன் மூவரும் அவர் கண்ணுக்கு ஒரே வரிசை. பூசிக்கொண்டே இருப்பவனுக்கு இதைவிட வசதி உண்டா?

4. “தையல் போடுவதால் பூமி பிழைக்குமா?”

பழுது பார்க்கும் முகாம், பழைய ஜாக்கெட்டை வாங்கி விற்கும் அலமாரி, ஊர் ஊராகப் போகும் தையல் வண்டி இவையெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது அடுத்த வாதம்.

சென்ற மழைக்காலத்தில் என் முதுகுப் பையின் ஜிப் வாய் பிளந்துகொண்டது. ரன்னரை இழுத்தால் நகர்கிறது, பின்னால் பல் சேரவில்லை. வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். “ரன்னர் மட்டும் தனியா வராது சார், புதுசா எடுத்துக்குங்க, ஆஃபர் இருக்கு” என்றார் கடைப்பையன். பையின் துணியில் ஒரு கிழிசல் இல்லை, வார்கள் உறுதியாக இருந்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குடையும் பையும் தைக்கும் பெரியவரிடம் போனேன். குறடால் பழைய ரன்னரை நெரித்து உடைத்தார். டப்பாவில் துழாவி அதே அளவில் ஒன்றை எடுத்து, ஜிப்பின் இரண்டு ஓரத்தையும் அதன் இரண்டு வாயில் கொடுத்து, நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்து ஒரே இழுப்பு. அடியில் நாலு தையல். பல்வரிசை முழுக்க ஒரு மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துக் கையில் கொடுத்தார். நாற்பது ரூபாய், பத்து நிமிஷம். இன்றும் அந்தப் பையோடுதான் ஊருக்குப் போகிறேன்.

அந்தக் கடையின் “தனியா வராது” என்ற பேச்சுக்கும், நெவாடாவின் ரீனோவில் தையற்காரர்களை வரிசையாக உட்காரவைத்துப் பேட்டகோனியா நடத்தும் பழுதுபார்ப்புக் கூடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ‘விளம்பரம்’ என்ற சொல் மூடிவிடுகிறது. பொருளை எப்படிப் பிரிப்பது, எங்கே தைப்பது என்று படிப்படியாகப் படம் போட்டு அவர்கள் 2013 முதல் இலவசமாகவே கொடுத்துவருகிறார்கள். பிரிட்டனின் ராப் அமைப்பு போட்ட கணக்குப்படி, ஓர் ஆடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினாலே அதன் கரி, தண்ணீர், கழிவுச் சுமை 20 முதல் 30 சதவீதம் வரை குறைகிறது. அந்த ஒன்பது மாதத்தை ஒரு ரன்னரே தந்துவிடும். சின்ன வேலை என்று இதை ஒதுக்குகிறவர் பெரிய வேலை எதையாவது கையில் வைத்திருக்கிறாரா என்று பார்த்தால், அதுவும் இருப்பதில்லை.

5. “சட்டம்தான் காப்பாற்றும், கடை அல்ல.”

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது. நமக்கு நொய்யல் கண்முன் இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கிக் கிடந்த காலத்தில், திருப்பூரில் துணி வாங்கிய எந்தக் கம்பெனியின் மனசாட்சியும் அந்த ஆற்றைக் காக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எனவே சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஆனால் சட்டம் தானாக எழுந்து நடந்து வந்ததா? நொய்யல் பாசன விவசாயிகளின் சங்கம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியது. அந்த நடைக்குப் பஸ் செலவு உண்டு, தட்டச்சு உண்டு, தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிக்கும் கூலி உண்டு, வக்கீல் உண்டு. வழக்கு நியாயமாக இருந்தும் இந்தச் சில்லறைச் செலவில் மூச்சுத் திணறி நின்றுபோன ஊர்ச் சங்கங்கள் எத்தனை!

இங்கேதான் பழமொழியின் ஆறு வருகிறது. 1970-களின் தொடக்கத்தில் வெஞ்சுரா ஆற்றின் முகத்துவாரத்தில் கட்டுமானத் திட்டம் வந்தது. ஆறு செத்துவிட்டது, கால்வாயாக மாற்றினால் நஷ்டமில்லை என்று நிபுணர்கள் நகரசபையில் சொன்னார்கள். மார்க் கபெலி என்ற இளம் உயிரியல் மாணவர் எழுந்து, தான் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். கரை மரங்களில் பறவைகள், நீரெலிகள், தண்ணீர்ப் பாம்புகள், விலாங்குகள். கடைசியில், கடலிலிருந்து ஆறேறி முட்டையிடும் ஸ்டீல்ஹெட் மீனின் குஞ்சு. செத்த ஆற்றில் மீன் குஞ்சு பொரிக்குமா? திட்டம் விழுந்தது. ஷுனார்டின் கடை அந்த இளைஞருக்கு ஒரு மேசை, ஒரு தபால் பெட்டி, கொஞ்சம் பணம் கொடுத்தது. ‘வெஞ்சுரா ஆற்றின் நண்பர்கள்’ என்ற அமைப்பு அந்த மேசையிலிருந்து பின்வந்த திட்டங்களையும் எதிர்த்து நின்றது. 1997-இல் தென் கலிபோர்னிய ஸ்டீல்ஹெட் அழியும் உயிரினமாகச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. அந்த இனத்தின் பெயரைப் பட்டியலில் எழுத, ஆற்றில் அது இருக்கிறது என்று படம் எடுத்துக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. அவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது.

பிறகு இந்தக் கொடை வழக்கமாயிற்று. முதலில் லாபத்தில் ஒரு பங்கு. அப்புறம், லாபம் வந்தாலும் நஷ்டமானாலும் விற்பனையில் நூற்றுக்கு ஒன்று. லாபத்தைக் கணக்குப் புத்தகத்தில் சுருக்கிக் காட்டலாம், விற்பனையை அவ்வளவு எளிதில் சுருக்க முடியாது. 2002-இல் கிரேக் மேத்யூஸ் என்ற தூண்டில் கடைக்காரரோடு சேர்ந்து மற்றக் கம்பெனிகளும் சேரும் அமைப்பாகவே இதை ஆக்கினார் ஷுனார்ட். 2016 கறுப்பு வெள்ளி விற்பனையான ஒரு கோடி டாலரையும், லாபத்தை மட்டுமல்ல, மொத்தத்தையும், ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுத்தார்கள்.

6. “இன்றைக்குச் சொல்வார்கள், நாளைக்கு மாறிவிடுவார்கள்.”

மாறலாம். அதனால்தான் பேச்சு வேறு, கட்டு வேறு என்று நான் பிரிக்கிறேன். 2022 செப்டம்பரில் ஷுனார்ட் குடும்பம் ஏறக்குறைய 300 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனியின் உரிமையைக் கைவிட்டது. வாக்குரிமையுள்ள 2 சதவீதப் பங்கு ஓர் அறக்கட்டளைக்கு. வாக்குரிமையில்லாத 98 சதவீதம், லாபத்தைச் சூழல் பணிக்குச் செலவிடும் ஓர் அமைப்புக்கு. இதுவும் வரி ஏய்ப்பு என்றார்கள். விற்றிருந்தால் கட்டவேண்டிய பெரும் வரி மிச்சமானது உண்மை. விற்றிருந்தால் கைக்கு வந்திருக்கக்கூடிய பணமும் வரவில்லை என்பதும் உண்மைதானே? பிள்ளைகள் நினைத்தாலும் இனி திரும்ப எடுக்க முடியாதபடி எழுதிக்கொடுத்தாயிற்று. வாக்கு கொடுக்கிற எந்தக் கடையிடமும் கேட்கவேண்டியது இதுதான்: இதை மீறினால் உன்னைப் பிடிக்க யாருக்கு உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறாய்?

ஆர்.இ.ஐ.யில் அந்த உரிமை உறுப்பினர்களுக்கு இருந்தது. முப்பது டாலர் கட்டினால் ஆயுள் உறுப்பினர், நிர்வாகக் குழுத் தேர்தலில் ஒரு வாக்கு. 2025 ஜனவரியில், டிரம்பின் உள்துறைச் செயலராக டக் பர்கம் வருவதை ஆதரித்து வந்த கடிதத்தில் அந்தக் கடையும் கையெழுத்திட்டது. பொது நிலங்கள் அந்தத் துறையின் கையில் இருப்பவை. அவற்றில் எண்ணெய் தோண்டுவதை விரிவாக்கவேண்டும் என்ற அரசுக்கு நம் கடை துணைபோவதா என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஏப்ரலில் புதிய தலைமை அதிகாரி, கையெழுத்திட்டது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு ஆதரவைத் திரும்பப் பெற்றார். எல்லாம் விளம்பரம் என்று முன்பே முடிவுகட்டியவர்களுக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை, வருவதற்கு நியாயமும் இல்லை. அந்தக் கடை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்ததை நம்பியவர்களுக்குத்தான் வந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் ஊழியர்களின் தரப்பு முன்மொழிந்த பெயர்களை நிர்வாகம் வாக்குச்சீட்டில் சேர்க்கவில்லை. தான் நிறுத்திய பெயர்களை மட்டும் வைத்தது. உறுப்பினர்கள் வாக்குச்சீட்டைத் திறந்தார்கள், அந்தப் பெயர்களைத் தோற்கடித்தார்கள்.